எட்டாம் நம்பர் பருப்புப் பொடி

மார்ச் 27

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். பதினான்கு வருடமாக இந்தத் தெருவிலும் என் புகுந்த வீட்டு வகையறாவிலும் ‘கோதை கைப்பக்குவம்’ என்று பேர் வாங்கிய பருப்புப் பொடியை நான் ஒரு நாள்கூட அரைத்ததில்லை. அது பாக்கெட். கடையில் வாங்கி, கத்தரியால் மூலையை வெட்டி, எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மூடுவதோடு என் கைப்பக்குவம் முடிந்தது.

பாக்கெட் வாங்குவது ஒன்றும் பாவமில்லை. ஊரே வாங்குகிறது. நான் செய்தது அதற்கும் மேலே. விருந்தாளிகள் இருக்கும்போது வாணலியில் நாலு மிளகாய் வற்றலைப் போட்டு நெடி கிளப்புவேன். முன்னறையில் இருப்பவர்கள் தும்ம வேண்டும். தும்மினால்தான் வறுக்கிறாள் என்று நம்புவார்கள். பிறகு மிக்ஸியில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு மூன்று நிமிடம் ஓட்டுவேன். சத்தம் வேண்டுமே! அந்த மாவு மறுநாள் கோலத்துக்கு ஆகும். மூன்று நிமிடமும் இடுப்பில் கை வைத்துச் சும்மா நின்றுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன். வியர்வை மட்டும் அசல்.

நாளை என் வீட்டுக்காரரின் அக்கா மங்கையர்க்கரசி திண்டுக்கல்லிலிருந்து வருகிறார். மங்கை மதினி. என் சமையலில் அவர் வாயால் நல்லது என்று சொன்ன ஒரே பதார்த்தம் இந்தப் பொடிதான். என் சாம்பாரைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதினால் நோட்டு கறைபடும்.

மார்ச் 28

மதினி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது யாரோ என்று நினைத்து, “யார் வேணும்?” என்று கேட்கப் பார்த்தேன். அவ்வளவு இளைத்திருக்கிறார்.

மதினி டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டர். கல்யாணம் வேண்டாம் என்று நின்றவர். மெஸ்ஸிலும் கேன்டீனிலும் பழகிய நாக்கு. சமைக்கத் தெரியாது, சமைத்தவரைத் திட்டத் தெரியும். இப்போது அவருக்குக் குடலிறக்கம். வந்ததும் நேரே இங்கே மதுரையில் காட்டினோம். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. ஆனால் முப்பத்தாறு கிலோ உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது. முப்பத்தெட்டாக்கிக் கொண்டுவாருங்கள், மே முதல் வாரத்தில் செய்கிறேன்.

ரெண்டு கிலோ. நானெல்லாம் ஒரே ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வருகிற சங்கதி.

மதியம் நாலு பருக்கை சாப்பிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

“ஏன் மதினி, நல்லா இல்லையா?”

“நல்லா இல்லன்னு என்னைக்கு நான் சாப்பிடாம இருந்திருக்கேன்? திட்டிக்கிட்டே சாப்பிடுவேன்ல. எறங்க மாட்டேங்குது கோதை. ஒன் பருப்புப் பொடி இருந்தா ரெண்டு வாய் பாக்கலாம்.”

ஆக, ரெண்டு கிலோவும் என் டப்பாவுக்குள் இருக்கிறது.

மார்ச் 29

டப்பாவின் அடியில் நாலு கரண்டிதான் இருக்கிறது. செல்வின் அண்ணாச்சி கடைக்கு ஓடினேன்.

“மருமகள் மார்க்கா? கம்பெனியவே மூடி ரெண்டு மாசம் ஆச்சுல்லாக்கா! வேற பொடி தரட்டா?”

வேறு பொடி! பதினான்கு வருடம் ஒரே கைப்பக்குவம் என்று பேர் எடுத்தவள், திடீரென்று கையை மாற்றிக்கொள்ள முடியுமா? ஏழு கடை ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை.

ஏப்ரல் 1

டப்பா காலி. கடைசிக் கரண்டியைச் சோற்றில் போட்டு நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். “முன்ன மாதிரி இல்லையே,” என்றார் மதினி. பழைய பாக்கெட், நமத்துப் போயிருக்கும்.

இன்று முட்டாள்கள் தினமாம். வாழ்த்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 2

வேறு வழியில்லை, அரைத்துவிட வேண்டியதுதான். ஆனால் எதை?

பழைய காலி கவரை அலமாரி இடுக்கிலிருந்து தேடி எடுத்தேன். பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மிளகாய், பூண்டு, சீரகம், பெருங்காயம், உப்பு, இதர வாசனைப் பொருட்கள்.

அந்த ‘இதர’தான் தூங்க விடாது போலிருக்கிறது. ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக, ஊருக்கெல்லாம் நான் எதைத் தின்னக் கொடுத்தேன் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்கிறது. கவருக்குள் மூக்கை விட்டு மோந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தனுஷ்கோடி உள்ளே வந்துவிட்டார்.

“என்ன பண்ற?”

“சும்மா.”

“சும்மா யாராச்சும் கவருக்குள்ள மூஞ்சிய விடுவாங்களா?”

“ஒங்களுக்கு வேற சோலி இல்லையா?” என்றேன். போய்விட்டார். நல்ல மனிதர், எதையும் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்.

ஏப்ரல் 3

நம்பர் ஒன்று. (டப்பாவில் ஒட்டுத்துணி வைத்து நம்பர் போட்டிருக்கிறேன். தையல்காரிக்கு ஒட்டுத்துணிக்கா பஞ்சம்.) எல்லாவற்றையும் வாணலியில் ஒன்றாகக் கொட்டி வறுத்தேன். வறுக்கும்போது நாலாம் வீட்டுப் பெண் புருஷனை விட்டுவிட்டு வந்த சேதி போனில் வந்தது. முழுசாகக் கேட்காமல் எப்படி வைப்பது? கேட்டு முடிப்பதற்குள் பருப்பு கருத்துவிட்டது.

மதினி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். “பல்லு வெளக்கலாம்,” என்றார்.

ஏப்ரல் 5

முப்பத்தைந்து அறுநூறு. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. வீட்டுத் தராசை நகர்த்தி வைத்தும் பார்த்தேன். அதேதான்.

எதிர்வீட்டு ஜெயசீலி டீச்சரிடம் போனேன். அவர் பல வருடமாக என்னிடம் பொடிக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டிருப்பவர். நானும் “அது கை தானா சொல்லும் டீச்சர்” என்று நழுவிக்கொண்டிருப்பவள். இன்று, “நீங்க எப்படி வறுப்பீங்கன்னு சொல்லுங்க, சரியாத்தான் செய்யுறீங்களான்னு பாப்போம்,” என்று பெரிய மனுஷி தோரணையில் உட்கார்ந்தேன்.

“ஒவ்வொண்ணா தனித்தனியா வறுப்பேன் கோதை. எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி வறுக்கிற கூறுகெட்டவங்களும் இருக்காங்க!”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

நம்பர் இரண்டு கருகவில்லை. மதினி இரண்டு வாய் சாப்பிட்டார். “ஏதோ கொறையுது.”

இதர!

ஏப்ரல் 8

லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு விருதுநகர் போனேன். கவரில் விலாசம் இருந்தது. மில் பூட்டிக் கிடந்தது. பின்னால் வீடு. முத்துவிஜயன் என்பவர், பனியனோடு வந்து கதவைத் திறந்தார்.

“சார், நீங்க கம்பெனிய மூடிட்டீங்க, நான் மாட்டிக்கிட்டேன்,” என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் கொட்டினேன். முன்பின் தெரியாதவரிடம் உண்மை பேசுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அரிசி ஓட்டியது வரைக்கும் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. அவருக்கு அது வாடிக்கையாளரின் சாதாரண வழக்கமாகத் தெரிந்தது.

“அந்த இதரன்னா என்ன சார்?”

“எனக்கும் தெரியாதும்மா. எங்கப்பா வேற ஒரு கம்பெனிப் பொடிய வாங்கியாந்து, நாக்குல வச்சு வச்சுப் பாத்து, அதே மாதிரி வரணும்னு அரைச்சாரு. அவுங்க பாக்கெட்டுல ‘இதர’ன்னு போட்டிருந்துச்சு. நாங்களும் போட்டோம்.”

“அப்ப அதுல ஒண்ணுமே இல்லையா?”

“கறிவேப்பிலை போடுவோம். கெடைச்சா.”

“ஒங்க வீட்ல அந்தப் பொடி இருக்குமா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: “எங்க வீட்ல பொடியே சேக்க மாட்டோம்க்கா. அவருக்கு நெஞ்சு கரிக்கும்.”

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த இன்னொரு கம்பெனிக்காரர் யாருடையதைப் பார்த்து அரைத்தாரோ? எங்கேயாவது ஒரு பெண்பிள்ளை முதன்முதலில் நிஜமாகவே வறுத்திருக்க வேண்டும். அவளும் போனில் பேசிக்கொண்டுதான் வறுத்தாளோ என்னவோ.

லைனிங் துணி வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 10

மூன்று, நாலு, ஐந்து.

ஒன்று கண்டுபிடித்தேன். துவரம்பருப்பு வறுபடும்போது முதலில் ஒரு பச்சை வாசம், பிறகு மழை பெய்த தரை வாசம், பிறகு ஒரே ஒரு நிமிடம் பிஸ்கட் வாசம். அந்த நிமிடத்தில் இறக்கினால் பொடி. விட்டால் கரி. இத்தனை வருடம் அடுப்படியில் நின்றும் இந்த ஒரு நிமிடத்தை நான் சந்தித்ததே இல்லை. அது தெரிந்த பிறகு அண்ணாச்சியிடம் போய் எல்லாப் பருப்பையும் மோந்து மோந்து வாங்குகிறேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

மூன்றில் பூண்டு அதிகம். நாலில் காரம். ஐந்து எனக்கே பிடித்திருந்தது. தனுஷ்கோடி மூன்று தடவை போட்டுக்கொண்டார். மதினி, “எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. மண்ணு மாதிரி,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மதினியின் ரவிக்கையை இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் பிடித்துத் தைத்தேன். போன தீபாவளிக்கு நான் தைத்ததுதான். அன்றைக்கே அளவைத் தப்பாக எடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 13

முப்பத்தைந்து இருநூறு.

நம்பர் ஆறையும் மதினி தள்ளிவிட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கட்டிலில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, “மதினி, ஒண்ணு சொல்லணும். அந்தப் பழைய பொடி நான் அரைச்சதில்ல. பாக்கெட்டு,” என்றேன்.

“தெரியும்.”

“எப்பயிருந்து?”

“மொத நாள்லயிருந்து. முப்பத்தோரு வருஷம் காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்தவ நான். பருப்பு மொதல்ல தடதடன்னு கெடந்து உருளும், அப்புறம் அடங்கும். ஒன் மிக்ஸி எடுத்த எடுப்புலயே கரகரன்னு ஓடுச்சு. சரி, இவ அரிசிய ஓட்டுறா, எதுக்கு ஓட்டுறான்னு மறுநாள் காலைல கோலத்தப் பாத்தேன். வெளங்கிருச்சு.”

“ஏன் மதினி சொல்லல?”

“நீ மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வருவ பாரு... அதுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் பொடி கேட்டேன். ஏ கோதை, அத மறைக்க நீ பட்ட பாட்டுக்கு, அரைச்சே தொலைச்சிருக்கலாமேத்தா!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். “சிரிக்காதீங்க மதினி, சிரிக்காதீங்க,” என்று தோளைப் பிடித்துக்கொண்டேன். கையில் எலும்புதான் கிடைத்தது. ஐந்து நிமிடத்தில் வலி அடங்கிவிட்டது. நான்தான் கட்டிலைவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து வறுத்த அசதி.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. பாயசம், பாக்கெட் மிக்ஸில். அடுப்படிக் கதவைத் திறந்து வைத்து, எல்லாரும் பார்க்கக் கவரை வெட்டினேன். மதினி ஒரு கரண்டி.

ஏப்ரல் 16

மதினியை ஆஸ்பத்திரிக்குத் தனுஷ்கோடி கூட்டிப்போனார். நான் போகவில்லை, ஏழாம் நம்பருக்கு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது, காக்காய் கொத்திவிடும்.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்றேன்.

“சாப்பிடச் சொன்னாரு.”

“அவ்ளோதானா?”

“ஏதேதோ சொன்னாரு. சாப்பிடச் சொன்னாரு.”

ஒரு மணி நேரச் செய்தியை இரண்டு சொல்லில் முடிக்கிற மனிதரைக் கட்டிக்கொண்டு, என்னைப் போல் ஒருத்தி எப்படிக் காலம் தள்ளுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

ஏழாம் நம்பரும் வேண்டாம் என்றுவிட்டார் மதினி.

ஏப்ரல் 19

ஜெயித்துவிட்டேன்! எட்டாம் நம்பர்!

பின்னால் வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். துவரம்பருப்பு இரண்டு பங்கு, பொட்டுக்கடலை ஒரு பங்கு. மிளகாய் வெயிலில் காய்ந்தது. பூண்டு தோலோடு. சீரகம் வறுக்கக் கூடாது, சூடான வாணலியில் சும்மா போட்டு எடுக்க வேண்டும். அப்புறம் ஒரு கரண்டி வெள்ளை எள். ஆமாம், எள்! அதுதான் இதர. முத்துவிஜயனுக்கே தெரியாத இதர.

மதியம் சோறு பிசைந்து வைத்தேன். மதினி ஒரு வாய் வைத்தார். மென்றார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு வாய். இன்னொன்று. தட்டு காலி. தட்டை நீட்டி, “இன்னுங்கொஞ்சம் போடு,” என்றார்.

“என்ன மதினி?”

“காது கேக்கலையா? சோறு போடு. பொடியும் போடு. நெய்ய ஏன் சொட்டு மருந்து மாதிரி விடுற?”

அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் அதிகம்.

ஏப்ரல் 23

முப்பத்தைந்து தொள்ளாயிரம்.

நாக்கு ஒரு தடவை திறந்துகொண்டால் அப்புறம் எல்லாம் இறங்குமாம். இட்லி, முட்டை, வாழைப்பழம், தனுஷ்கோடி பேக்கரியில் வாங்கி வந்த பப்ஸ், எல்லாம் இறங்குகிறது. இன்று என் சாம்பாரை, “கழனித் தண்ணியில பெருங்காயம் வேற,” என்று திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார். எல்லாம் எட்டாம் நம்பர் செய்த வேலை.

ஏப்ரல் 28

முப்பத்தாறு எண்ணூறு.

அண்ணாச்சி கடையில் ரெடிமேட் பொடி வாங்க வந்த புதுப்பெண் ஒருத்தியை நிறுத்தி, கையால் அரைக்கிறதில் இருக்கிற உயிர்ச்சத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அவள் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டாள். “எக்கா, நீங்க இனிமே உள்ள வராதீங்க, வெளியவே நின்னு கேளுங்க,” என்றார் அண்ணாச்சி.

தெருவுக்கெல்லாம் ஆளுக்கொரு டம்ளர் எட்டாம் நம்பர் கொடுத்தேன். ஜெயசீலி டீச்சர் ருசி பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு கோதை. பாக்கெட்டுப் பொடி மாதிரியே இருக்கு.”

இந்த டீச்சர்மார்களுக்கு எதிராளியைப் பாராட்டவே வராது.

மே 3

முப்பத்தேழு ஐநூறு. ரவிக்கையில் பிடித்த தையலைப் பிரித்துவிட்டேன்.

மே 7

முப்பத்தெட்டு நூறு! ஆஸ்பத்திரித் தராசில்! ரத்தமும் ஏறியிருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு ஆபரேஷன்.

“பயமா இருக்கா மதினி?”

“எனக்கென்ன பயம்? மயக்கம் போட்டுப் படுத்திருக்கப் போறேன். முழிச்சிருக்கப் போறது நீ. ஒனக்குத்தான் பயம். நகத்தக் கடிக்காத, பசிச்சா பப்ஸ் வாங்கித் தின்னு.”

மே 8

பத்து மணி. உள்ளே கூட்டிப் போனார்கள்.

பதினொன்றரை. தனுஷ்கோடி இரண்டு தடவை டீ வாங்கி வந்தார். இரண்டும் ஆறிப்போய்விட்டன. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் மருமகளைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாள். நல்ல விஷயம்தான். ஒன்றும் ஞாபகமில்லை.

பன்னிரண்டு நாற்பது. வெளியே வந்துவிட்டார். நன்றாக இருக்கிறாராம்.

இதற்கு மேல் எழுத வராது.

மே 12

வீட்டுக்கு வந்துவிட்டோம். மதினி வாசலில் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “இன்னைக்கு என்ன கொழம்பு?”

டாக்டரிடம் கிளம்பும்போது எட்டாம் நம்பர் ஒரு டப்பா கொடுத்தேன். “இதுதான் டாக்டர் எங்க மதினிய ஏத்துனது. ஒங்க நோயாளிங்களுக்கும் சொல்லுங்க,” என்றேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். வாயடைத்துப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாத்திரை நேரம் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரி ஃபைலை மதினி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வயது அறுபத்துமூன்று. ரத்த வகை. வந்தபோது எடை. அடுத்த பக்கத்தைத் திருப்பியவர் அதை மட்டும் தனக்குள் படித்துவிட்டு, ஃபைலை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளி, “அவ்ளோதான், போயி அடுப்பப் பாரு,” என்றார்.

அவர் குளியலறைக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். எழுத்துக் கூட்டினால் எனக்கும் வரும். மூட்டுவலிக்காக மதினி சாப்பிட்டு வந்த மாத்திரையின் பெயர். அதற்கு நேரே: ‘நாவில் ருசியில்லை, பசியில்லை. இந்த மாத்திரையின் பக்க விளைவு. ஏப்ரல் 16 அன்று நிறுத்தப்பட்டது. மூன்று நாளில் சரியாகும் என்று உடன் வந்த தம்பியிடம் சொல்லப்பட்டது.’